மீன்களின் பங்கு

யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றின் சுருவில் கிராமத்தில் தம்பிஐயா வீட்டுக் குசினிக்குள் முட்டை போகக்கூடாது. அது அவர் மனைவி இராசேஸ்வரி போட்ட சட்டம். முட்டை அவிப்பதென்றால் தம்பிஐயாவே முற்றத்து வேம்பின் கீழ் கல் கூட்டி, பழைய பால்மாத் தகர ரின் ஒன்றில் அவித்துக்கொள்ள வேண்டும்; வெள்ளிக்கிழமையில் அதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் அறியாத மனுசன் அவர். அவித்த முட்டையை உரித்து, வெள்ளையைக் காகத்துக்கு எறிந்துவிட்டு, மஞ்சட்கருவை மட்டும் மெல்லிய துணியில் முடிந்து, கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள் பிடித்துப் பிழிவார். அது மஞ்சள் புகைபோலப் பரவும். தெரிந்தும் தெரியாமலும் ஓடித்திரியும் மீன்குஞ்சுகள் அந்தப் புகைக்குள் புகுந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு வரும்.

“ஊரெல்லாம் மனுசர் மீன் தின்னுகினம். தம்பிஐயா வீட்டிலைதான் மீன் முட்டை தின்னுது” என்று பக்கத்து வளவு மார்க்கண்டர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மார்க்கண்டர் தம்பிஐயாவின் பெரியப்பா மகன். அம்மன் கோயில் காரியத்திலும் சரி, பங்குக் கிணற்றுக் காரியத்திலும் சரி, அவர் சொன்னதுதான் கடைசிச் சொல்.

தம்பிஐயாவுக்கு இந்த மீன் பித்து தெற்கில் பிடித்தது. அங்கே ஒரு பட்டணத்தில் நெடுங்காலம் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தின்போது, பக்கத்து வீட்டுச் சிங்கள வாத்தியார் அவரை இழுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டு அறையொன்றில் விட்டுப் பூட்டினார். அறை முழுக்க மீன் தொட்டிகள். வெளியே கடை எரிந்துகொண்டிருந்த நேரமெல்லாம் தம்பிஐயா உள்ளே மீன்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கூட்டம் வந்து கதவைத் தட்டியபோது வாத்தியார் வாசலில் நின்று, “ஓம், உள்ளேதான் இருக்கிறார். அவர் என் வீட்டு ஆள். போங்கள்” என்றாராம். கூட்டம் போய்விட்டது. பிறகு கடையை மறுபடி கட்டி இன்னும் சில வருடம் நடத்திவிட்டு, எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தம்பிஐயா தீவுக்குத் திரும்பியபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு வாத்தியார் கொடுத்த மீன்களும் தகரப் பேணிகளில் ரயிலேறி வந்தன.

பிள்ளைகள் இல்லாத வீடு. விறாந்தையில் வரிசையாகத் தொட்டிகள். கப்பி மீனும் மொலியும் தானாகவே பெருகின. மொலியை வெளியே சீமெந்துத் தொட்டியில் வீட்டுக் கிணற்றின் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீரிலேயே விட்டிருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு, “மொலிக்கு உப்பும் ஒண்டுதான், நன்னீரும் ஒண்டுதான். கடலுக்கை விட்டாலும் சீவிக்கும்” என்று பெருமையாகச் சொல்லுவார். ஏஞ்சல் மீன் மட்டும் அவரை அலைக்கழித்தது. பிறை நிலவை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு சோடி. பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்றை உடைத்துத் தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்தார். அதில் ஒட்டி முட்டையிடும். இட்ட முட்டை வெளுத்துப் பூஞ்சணம் பிடித்துப் போகும்; இல்லாவிட்டால் தாயும் தகப்பனுமே தின்று முடித்துவிடும். வருடக்கணக்காக இதே கதை. தெற்கில் வாத்தியார் வீட்டில் குஞ்சு பொரித்த மீன், தன் வீட்டில் பொரிக்கவில்லையே என்பது அவருக்கு ஆறாத குறை.

எழுபத்தைந்தாம் ஆண்டு ஆவணியில் அது பொரித்தது.

அன்றைக்குத் தம்பிஐயா சாப்பிடவே வரவில்லை. “இஞ்சேரும், ஓடி வாரும்” என்று கூப்பிட்டு, பூதக்கண்ணாடியை இராசேஸ்வரியின் கையில் கொடுத்தார். சிலேட்டில் பொடிப் பொடியாகக் கறுப்புக் கண்கள் துடித்துக்கொண்டிருந்தன. சில நாளில் அவை சிலேட்டை விட்டு எழும்பி நீந்தத் தொடங்கின. கிழவர் தேவாரம் பாடிக்கொண்டு முட்டை அவித்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கண்டு இராசேஸ்வரிக்கும் மனம் நிறைந்தது. அம்மனுக்கு ஒரு நெய்விளக்கு ஏற்றினாள்.

ஆனால் அந்த வருடம் தண்ணீர் இல்லாத வருடம். மழைத் தண்ணீர் பிடித்து வைத்த தொட்டி ஆடியிலேயே காய்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, எல்லாம் சவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க ஏலாது. நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு ஒன்றே ஒன்று, தம்பிஐயாவின் வளவுக்கும் மார்க்கண்டரின் வளவுக்கும் நடுவில், நாலைந்து குடும்பங்களின் பங்குக் கிணறாக இருந்தது. பனங்கூடலுக்கு அப்பால் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கிணற்றில் வாளி போட உரிமை இல்லை. அவர்கள் குறைந்த சாதி என்பது ஊர்ப் பேச்சு. அவர்கள் குடங்களைக் கிணற்றுக் கட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். பங்குக்காரர் யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றினால் கொண்டுபோவார்கள்.

மற்றவர்கள் மனம் வைத்தார்களோ இல்லையோ, இராசேஸ்வரி காலையில் பூசைக்கு முன் ஊற்றுவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கும்பிடுகிற தெய்வத்துக்குப் பூ வைப்பதுபோல அதையும் ஒரு கடமையாகச் செய்தாள். அவர்கள் ஏன் தள்ளி நிற்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததுமில்லை.

ஆவணி நடுவில் பங்குக்காரர் கிணற்றடியில் கூடினார்கள். இராசேஸ்வரி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஊத்து வரவர அடங்குது. வீட்டுக்கு எட்டு வாளி. வெளி ஆக்களுக்கு மழை வருமட்டும் ஒரு சொட்டும் இல்லை” என்றார் மார்க்கண்டர்.

“அதுகள் எங்கை போறது அண்ணை?” தம்பிஐயா மெதுவாகக் கேட்டார்.

“கடற்கரைப் பக்கம் ஒரு கிணறு கிடக்குத்தானே.”

“அது தனி உப்பெல்லோ.”

“நல்லதாப் போச்சு. கஞ்சிக்கு உப்புப் போடத் தேவையில்லை” என்றார் மார்க்கண்டர். எல்லோரும் சிரித்தார்கள். தம்பிஐயாவும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்க, “அண்ணை, எனக்கு ரண்டு வாளி கூடத் தரவேணும். ஏஞ்சல் பொரிச்சிருக்கு. சவர்த் தண்ணி பட்டால் குஞ்சு தப்பாது” என்றார். முதல் கேள்வியைக் கேட்ட குரலைவிட இந்தக் குரல் உரமாக இருந்ததை இராசேஸ்வரி கவனித்தாள். ஆனால் சவர்த் தண்ணீர் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அவள் காதில் விழவில்லை. அதற்குள் மார்க்கண்டர் சத்தம் போடத் தொடங்கிவிட்டார்.

“கேட்டியளே, மீனுக்கும் பங்காம்! சரியடாப்பா. போன வருசம் கிணறு இறைச்சுத் தூர் எடுக்கேக்கை நீதானே முன்னுக்கு நிண்டனி. தம்பிஐயாவின்ரை மீனுக்கு ரண்டு வாளி. போதுமே?”

தம்பிஐயாவுக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு. துலா மிதிக்கவோ, தூக்கவோ ஏலாது. ஆகவே மீன்களின் இரண்டு வாளியையும் இராசேஸ்வரிதான் அள்ளிக்கொண்டு வந்து, விறாந்தை மூலையில் இருந்த மண்சாடியில் ஊற்றி மூடி வைப்பாள். அடுத்த நாள் அவர் ஒரு மெல்லிய குழாயால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கு இறக்குவார்.

தடை வந்த மறுநாள் காலை, பனங்கூடலுக்கு அப்பாலிருந்து முற்றம் கூட்ட வருகிற செல்லாச்சி வழக்கம்போலக் குடத்தோடு வந்தாள். ஊர் அவளைச் செல்லி என்றுதான் கூப்பிடும்.

“இனி ஏலாதாம் செல்லி. மழை வரட்டும்” என்றாள் இராசேஸ்வரி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

செல்லாச்சி குடத்தை எடுக்கவில்லை. “எங்களுக்கு இல்லாட்டிப் போகட்டும் நாச்சியார். நாங்கள் உப்பைக் குடிச்சு வளந்த கட்டையள். என்ரை மகள் நேசத்தின்ரை பிள்ளைக்குத்தான் கேக்கிறன். அவளுக்குப் பால் சுரக்கேல்லை. சங்கக்கடையிலை பால்மா எடுத்துக் குடுக்கிறம். கடற்கரைத் தண்ணியிலை கரைச்சால் கக்குது, வயித்தாலையும் போகுது. நல்ல தண்ணி கொதிக்க வைச்சுக் குடுக்காட்டிப் பிள்ளை தங்காது எண்டு மருத்துவிச்சி அம்மா சொல்லிப்போட்டா.”

“எத்தினை நாள் பிள்ளை?”

“மாசம் ஒண்டு ஆகேல்லை நாச்சியார், இன்னும் துடக்குக் கழியேல்லை.”

இராசேஸ்வரி சாமி அறைக்குள் போய் நின்றாள். கும்பிட வரவில்லை. கக்குகிற பிள்ளையே கண்ணுக்குள் நின்றது. அப்போதுதான் வெளியே சீமெந்துத் தொட்டியில் சவர்த் தண்ணீரில் கொழுத்துத் திரிந்த மொலி மீன்கள் நினைவுக்கு வந்தன. மீனுக்கு எந்தத் தண்ணீரானால் என்ன? நாங்களே சவரைக் கலந்து உலை வைக்கிறோம், ருசி வித்தியாசம் கூடத் தெரிவதில்லை. தெய்வமே வழி காட்டியதாக அவளுக்குப் பட்டது.

மீன்களின் இரண்டு வாளியில் ஒன்றை அன்றைக்குச் செல்லாச்சியின் குடத்தில் ஊற்றினாள். சாடியில் குறைந்ததை வீட்டுக் கிணற்றிலிருந்து நிரப்பினாள்.

தன் வீட்டுப் பங்கான எட்டு வாளியில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கொடுப்பதென்றால் தனக்கு இல்லாமல் போகாததைக் கொடுப்பது என்றுதான் அவள் பழகியிருந்தாள். நம்மில் பலரும் அப்படித்தான்.

கிணற்றடியில் கொடுத்தால் மற்றவர்கள் கண்ணில் படும். மேற்கு வேலியில் நாய் நுழைந்து போய்வருகிற ஓட்டையாக ஒரு பொட்டு இருந்தது. தம்பிஐயா குளிக்கப் போகிற நேரத்தில் இராசேஸ்வரி அங்கே தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவாள். செல்லாச்சி குடத்தை ஓலைக்குப்பைக்குள் மறைத்துக்கொண்டு போவாள். பிள்ளை கக்குவது நின்றது. ஒருநாள் செல்லாச்சி அவனைச் சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து பொட்டடியில் காட்டினாள்.

“இவர்தான் உங்கடை தண்ணி குடிக்கிற துரை. பாருங்கோ, சண்டியன் மாதிரிக் கையைப் பொத்தி வைச்சிருக்கிறார்.”

இராசேஸ்வரி சிரித்தபடி கையை நீட்டினாள். தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது கை தானாக நின்றுவிட்டது. உள்ளே போய்த் திருநீறு எடுத்து வந்து, பிள்ளையின் நெற்றிக்கு மேலே பிடித்துத் தூவிவிட்டாள். செல்லாச்சி அதை விரலால் சரியாகப் பூசிவிட்டாள். இரண்டு பேருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து இராசேஸ்வரி இரண்டு வாளியையுமே கொடுத்தாள்.

வெயில் ஏற ஏற வீட்டுக் கிணறும் வற்றி, தண்ணீர் நாளுக்கு நாள் கரித்துக்கொண்டு வந்தது. உலையில் கலந்ததால் அவர்கள் நாக்குக்கு அது தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஏஞ்சல் குஞ்சு பார்க்கவென்று மார்க்கண்டர் வந்திருந்தார். இராசேஸ்வரி அவருக்குத் தேத்தண்ணி விறாந்தைக்குக் கொண்டுவந்தாள். தம்பிஐயா தொட்டிக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். தொட்டியின் அடியில் வெள்ளைத் தூசிபோல ஏதோ படிந்து கிடந்தது. தாய் மீனும் தகப்பன் மீனும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தன.

“எல்லாம் செத்துப் போட்டுது” என்றார் தம்பிஐயா. “ராத்திரி நீந்தினதுகள் அண்ணை. இப்பதான் செட்டை முளைக்கத் தொடங்கினது.”

விரலை நனைத்து நாக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார். எழும்பிப்போய்ச் சாடித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்.

“இது நல்ல தண்ணி இல்லை. வீட்டுக் கிணத்துத் தண்ணி. ஆர் இதுக்கை ஊத்தினது?”

இராசேஸ்வரி கோப்பையோடு நின்றாள். “நான்தான்” என்று சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் மார்க்கண்டர் எழும்பி முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பொட்டடியில் குடம் வைத்து வைத்துப் பதிந்த வட்டத்தையும் ஈரத்தையும் கண்டுவிட்டார்.

“உதிலை என்ன யோசினை? உன்ரை முத்தம் கூட்டுறவளின்ரை வேலை. உங்கடை நல்ல தண்ணியை அள்ளிப்போட்டு, கண்டுபிடியாமல் இருக்கச் சவரை நிரப்பி வைச்சிருக்கிறாள். கள்ளி! விறாந்தையிலை ஏறிச் சாடியிலை கை வைச்சிருக்கிறாளடா.”

தம்பிஐயா மனைவியைப் பார்த்தார். அது சந்தேகப் பார்வை இல்லை. அடிபட்ட மனுசன் ஆறுதல் தேடுகிற பார்வை. மார்க்கண்டருக்கு முன்னால் நான்தான் கொடுத்தேன் என்றால், பெண்சாதி கட்டுப்பாட்டை மீறிவிட்டாள் என்று ஊரில் இவர் தலை குனிய வேண்டும். மார்க்கண்டர் போகட்டும், பிறகு சொல்லுவம் என்று இராசேஸ்வரி நினைத்தாள். கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

வெளியே சாடி உடைகிற சத்தம் கேட்டது.

“அவள் தொட்ட சாடியை வைச்சுக் கும்பிடப்போறியோ?” என்றது மார்க்கண்டரின் குரல்.

“மீனுக்கு என்னண்ணை தீட்டு” என்று தம்பிஐயா சொன்னார். அதைச் சாடி உடைந்த பிறகுதான் சொன்னார்.

மார்க்கண்டர் போனார். ஆனால் அவர் போனது வீட்டுக்கு அல்ல. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே ஒழுங்கையில் நின்று செல்லாச்சியைக் கூப்பிட்டு விசாரித்தார். வேலிக்கு உள்ளே நின்ற இராசேஸ்வரிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“தண்ணி எடுத்தனியோ இல்லையோ?”

“எடுத்தனான் நயினார்.”

“ஆரைக் கேட்டு எடுத்தனி?”

செல்லாச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

“வாயிலை என்ன கொழுக்கட்டையே? ஆர் தந்தது?”

“பிள்ளைக்குத் தண்ணி வேண்டிக் கிடந்தது நயினார்” என்றாள் செல்லாச்சி. எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் அவள் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிய கையைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது அவள் அறிந்த நன்றி. அவள் அதைச் செய்துகொண்டு நின்றாள். நன்றிக்குரியவள் நாலடி தள்ளி, கிடுகு வேலிக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானத்துக்குள் வேலிப் பொட்டைப் பனங்கருக்குமட்டை வைத்து அடைத்தார்கள். நேசத்தின் புருசன் மார்க்கண்டரின் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தவன். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு யாரும் அந்தக் குடும்பத்தில் ஒருவரையும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்றும் கட்டுப்பாடு.

பின்னேரம் இராசேஸ்வரி புருசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளையைச் சொன்னாள், மொலி மீனைச் சொன்னாள், இரண்டு வாளியையும் சொன்னாள். தம்பிஐயா செத்த குஞ்சுகளைத் துணியில் வடித்து எடுத்துக்கொண்டிருந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“மொலி வேறை, ஏஞ்சல் வேறையெண்டு உமக்கு என்னெண்டு தெரியும். நான்தான் சொல்லித் தந்திருக்கவேணும்” என்றார் கடைசியில்.

“மீனை விடுங்கோ. நீங்கள் போய் மார்க்கண்டரிட்டைச் சொல்லுங்கோ. அவள் களவெடுக்கேல்லை, என்ரை பெண்சாதிதான் குடுத்தவ எண்டு.”

“சொல்லி? போன குஞ்சு வரப்போகுதே? கொஞ்ச நாள் போகட்டும். மழை வந்தால் எல்லாரும் மறந்துபோவினம்.”

“அந்த வாத்தியார் வாசல்லை நிண்டு சொன்னவரெல்லோ, உள்ளைதான் இருக்கிறார் எண்டு.”

“அது வேறை. நாங்கள் நாளைக்கும் இந்த ஊரிலை இருக்கவேணும்.”

“வாத்தியாருக்கும் அது அவரின்ரை ஊர்தானே.”

தம்பிஐயா எழும்பினார். துணியை மடித்துக்கொண்டு வேம்படிக்குப் போய்க் குழி தோண்டினார்.

மறுநாள் இராசேஸ்வரி தன் வீட்டுப் பங்கில் ஒரு குடம் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, பனங்கூடலைத் தாண்டிப் போனாள். அத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. படலையில் செல்லாச்சி நின்றாள். உள்ளே பிள்ளை கீச்சுக் குரலில் அழுதுகொண்டிருந்தது.

“இந்தா செல்லி, பிள்ளைக்கு.”

“வேண்டாம் நாச்சியார்.”

“கோவிக்காதை.”

“கோவம் இல்லை. நீங்கள் தண்ணி தந்தியள், அதை நான் செத்தாலும் மறக்கன். ஆனால் இண்டைக்கு நான் கள்ளி. இதை வாங்கினால் இதுவும் களவுதான் எண்டுவினம். மருமோனை ஆரும் வேலைக்குக் கூப்பிடுகினமில்லை. எனக்குத் தண்ணி வேண்டாம், ஒரு சொல்லுத் தாங்கோ. நாலு பேருக்கு முன்னாலை, நான்தான் குடுத்தனான் எண்டு ஒரு சொல்லு. அது போதும்.”

இராசேஸ்வரி குடத்தோடு திரும்பினாள். வழியெல்லாம் தண்ணீர் அலம்பிச் சீலை நனைந்தது.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூசை முடிந்து மார்க்கண்டர் பொங்கல் பகிர்ந்துகொண்டிருந்தார். ஊர் கூடி நின்றது. ஆண்கள் பக்கத்தில் தம்பிஐயாவும் நின்றார். இராசேஸ்வரி அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பெண்கள் பக்கத்திலிருந்து முன்னே வந்தாள். சபையில் வாய் திறந்து பழக்கமில்லாதவள். ஆனாலும் சொன்னாள்.

“செல்லாச்சி களவெடுக்கேல்லை. மீனுக்கு விட்ட தண்ணியை அவளுக்கு ஊத்தினது நான். சாடியிலை சவரை நிரப்பினதும் நான்தான். அவள் எங்கடை விறாந்தையிலை ஏறவுமில்லை.”

மார்க்கண்டர் வாழையிலைத் துண்டில் பொங்கலை வைத்தபடி சிரித்தார்.

“பாத்தியளே பிள்ளையள்? கள்ளிக்கும் இரங்கிப் பழியைத் தன்ரை தலையிலை போடுறா. இந்த மனசு ஆருக்கு வரும்?”

“இல்லை, உண்மையாத்தான்…”

“உங்களை எங்களுக்குத் தெரியாதே இராசேசு அக்கா? எறும்புக்கும் அரிசி போடுற ஆள் நீங்கள்” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி, அன்பாக அவள் தோளைத் தொட்டு. “அதுக்காகக் கோயிலிலை நிண்டு பொய் சொல்லாதேங்கோ. உங்கடை வாயாலை பொய் வரக்கூடாது.”

இராசேஸ்வரி புருசனைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“என்ன தம்பிஐயா, உன்ரை மனுசி சொல்லுறது மெய்யோ?” மார்க்கண்டர் கேட்டார்.

தம்பிஐயா சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வெகு நேரம் எடுத்தது.

“அவ அப்பிடித்தான் அண்ணை. இரக்க சுபாவம்” என்றார்.

இராசேஸ்வரிக்குப் பொங்கல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. நல்ல மனுசி என்று அன்று முழுக்க ஊர் அவளைப் பற்றியே பேசியது. அத்தனை வருடம் அவள் சிறுகச் சிறுகச் செய்த நன்மைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவள் சொன்ன ஒரேயொரு உண்மையை மூடிவிட்டன. நன்மையில் அவளுக்கு இருந்த நம்பிக்கை போகவில்லை. ஆனால், புருசன் கேட்ட அந்த நேரத்தில், கோப்பையோடு நின்ற அந்த இடத்தில் சொல்லியிருந்தால் இந்தச் சொல்லுக்கு உயிர் இருந்திருக்கும் என்பதை அவள் அறிந்துகொண்டாள். தம்பிஐயாவோடு அவள் பேச்சை நிறுத்தவில்லை. சோறு போட்டாள், நாரிக்கு எண்ணெய் தேய்த்தாள். ஆனால் மீன் தொட்டிகள் இருந்த விறாந்தையில் இருவரும் சேர்ந்து இருப்பது குறைந்துபோனது.

முழுக் கிழமை ஒன்று கழித்து, மறுபடியும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு தெரு வழியே பட்டப்பகலில் போனாள். எதிரே வந்தவர்கள் கேட்டார்கள். செல்லாச்சி வீட்டுக்கு என்று சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் பிள்ளைச் சத்தம் இல்லை. செல்லாச்சி முற்றத்தில் தனியே இருந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னியளாம். கேள்விப்பட்டன்” என்றாள். “ஒருதரும் நம்பேல்லையாம். அதையும் கேள்விப்பட்டன்.”

“நேசம் எங்கை?”

“ஊரை விட்டுப் போட்டுதுகள். கிளிநொச்சிப் பக்கம் மருமோனின்ரை ஆக்கள் காடு வெட்டிக் குடியிருக்கினம். அங்கை வாய்க்கால்லை தண்ணி ஓடுதாம். இஞ்சை கிடந்து என்ன செய்யிறது? பிள்ளை போகேக்கையும் கக்கிக்கொண்டுதான் போனவன். போய்ச் சேந்துதுகளோ, என்ன பாடோ, எனக்குத் தெரியாது.”

இராசேஸ்வரிக்குக் குடத்தை இறக்குவதா தூக்கிக்கொண்டு போவதா என்று தெரியவில்லை. “நீயாவது குடி செல்லாச்சி. கொண்டுவந்திட்டன்” என்றாள்.

செல்லாச்சி ஓலையைக் கீழே வைத்தாள். பிறகு எழும்பி வந்து, வழக்கம்போலக் கைகளைக் குவித்துக் குனிந்தாள்.

“குடத்தைப் பிடிச்சுக் குடி.”

அவள் குடத்தைப் பிடிக்கவில்லை. கைகளைக் குவித்தபடியே நின்றாள். இராசேஸ்வரி ஊற்றினாள். நாலு மிடறு குடித்துவிட்டுச் செல்லாச்சி வாயைத் துடைத்தாள்; பூவரசு நிழலில் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்த ஆட்டின் சட்டியைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

“மிச்சத்தை அதுக்கு ஊத்துங்கோ. சினை ஆடு. தவிச்சுப்போய்க் கிடக்குது.”

இராசேஸ்வரி ஊற்றினாள். ஆடு எழும்பாமலே கழுத்தை நீட்டிக் குடித்தது.

“நாளைக்கும் கொண்டு வரட்டோ?”

செல்லாச்சி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் இருந்து ஓலையைக் கிழிக்கத் தொடங்கினாள்.

இராசேஸ்வரி மறுநாளும் கொண்டுபோனாள். செல்லாச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆடுதான் அவளைக் கண்டதும் எழும்பி வந்தது.